போணிக்குப் போன மெஷின்

"இந்த விலைக்குக் கொடுத்தா எனக்கு அசலே தேறாது" என்று அக்கா ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்வாள் என்பது அவளுக்கே தெரியாது. அதைப் பொய் என்று அவளும் நினைத்ததில்லை, கேட்கிறவர்களும் நினைத்ததில்லை. அந்தக் கடைத்தெருவில் அது 'வாங்க, உட்காருங்க' என்பதற்குச் சமம். பதிலுக்கு வாங்க வந்தவர், "எதிர்க்கடையில இதைவிடக் குறைச்சுத் தர்றான்" என்பார். எதிர்க்கடை இருக்கும் திசையில் அவர் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டார். இரண்டு பேச்சும் ஒன்றையொன்று பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு நடுவில் ஓர் இடத்தில் வந்து உட்காரும், சரக்கு கைமாறும், அடுத்தவரை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தோடு இருவரும் பிரிவார்கள். இப்படியே வளர்ந்து, இப்படியே நரைத்தவள் அக்கா. ஒரே ஒரு சின்னப் பொய் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவிப்போம் என்று அவள் கனவிலும் எண்ணியதில்லை.

அவளுக்குத் தொழில் காப்பிக்கொட்டை. பச்சைக் கொட்டையை மூட்டையாக வாங்கி, புடைத்து, பொறுக்கி, வறுத்து, கேட்டவர்களுக்குக் கொட்டையாகவும் மற்றவர்களுக்குப் பொடியாகவும் விற்பாள். கடையின் முன்பக்கம் தராசும் அரைவை மெஷினும். நடுவில் வறுக்கும் உருளை. பின்னால் தம்பியின் பட்டறை. மாடியில் குடித்தனம்: அக்கா, தம்பி, தம்பி பெண்டாட்டி. தெரு முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும், அவளுக்கு மூத்தவர்கள்கூட. அவள் வறுக்கும்போது மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது. உருளைக்குள் கொட்டை படபடவென்று வெடிக்கிற சத்தத்தை வைத்துத்தான் அவளுக்குப் பதம். முதல் வெடிப்பு ஓய்ந்து இரண்டாவது ஆரம்பிக்கும் முன் நெருப்பை அணைத்து, அகலத் தட்டில் சரித்து, மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே விசிறுவாள். முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. அதைக் காட்டியே பேரத்தில் பாதியை ஜெயித்துவிடுவாள்.

அந்த ஊருக்கு வாய்த்த பருவம் இரண்டே வகை: புழுக்கம், மழை பெய்து முடித்தபின் வரும் புழுக்கம். காலையில் வறுத்த கொட்டையின் வாசத்தில் பாதி சாயங்காலத்துக்குள் தெருவுக்குப் போய்விடும். தெருவுக்கு இலவசமாகப் போகிறதே என்று அக்காவுக்கு வயிறு எரியும். ஒரு வெயில் காலத்தில் இருக்கிற நல்ல சரக்கையெல்லாம் மாடி ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்தாள். நாலு தடவை திறந்து எடுத்ததில் கொட்டை குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டில் மாதிரி வியர்த்து, ஈரம் கோத்து, அரைவை மெஷினுக்குள் சேறாக அப்பிக்கொண்டது. தம்பி குளிர்சாதன மெக்கானிக். ஊர்க்கோடியில் இருந்த பெரிய குளிர்கிடங்கில் அப்போது வேலை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவனைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் ஃபிரிட்ஜ் என் சரக்கைக் கெடுத்துடுச்சுடா."

"ஃபிரிட்ஜ் கெடுக்கலை. நீ திறந்து திறந்து பார்த்தே பாரு, அது கெடுத்துச்சு."

"திறக்காம எப்படிடா எடுக்கிறது?"

 வாய்க்குப் போன அவன் கை பாதியில் நின்றது. ரெண்டு வருஷம் கழித்து அந்தக் கேள்விக்குப் பதிலைப் பட்டறையிலிருந்து சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான்.

இடுப்பு உயரத்தில் ஒரு பெட்டி. மேலே வறுத்த கொட்டை, சுற்றிலும் குளிர். அடியில் சின்னச் சின்னக் குழி வெட்டிய ஓர் உருளை. பொத்தானை அழுத்தினால் உருளை கால் சுற்று திரும்பி, ஒரு குழி நிறையக் கொட்டையை, சரியாக ஒரு கோப்பைக்கு வேண்டியதை, நேராக அரைவை வாயில் கொட்டும். இது யாரும் செய்யக்கூடியதுதான். அவன் செய்த சூட்சுமம் வேறு. உலர்ந்த குளிர்காற்று உள்ளேயிருந்து உருளையின் ஓரமாக மெல்லக் கசிந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். அதை எதிர்த்து வெளிக்காற்று உள்ளே நுழைய வழியில்லை. ஈரமில்லை, வியர்வையில்லை. உருளை சுற்றுவதைத் தானே பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு பக்கத்துக்குக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடு போட்டிருந்தான்.

"மூச்சை வெளியே மட்டும்தான் விடும், அக்கா. உள்ளே இழுக்காது."

அப்படியென்றால் செத்துப்போய்விடாதா என்று அக்கா கேட்டாள். அதிலிருந்து வந்த முதல் கோப்பையைக் குடித்தபின் இன்னொன்றுக்குக் கையை நீட்டினாள். தம்பிக்கு அது போதும். மறு வாரமே குளிர்கிடங்கு வேலையை விட்டான்.

மெஷின் செய்கிற பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள், குடித்தார்கள், தலையாட்டினார்கள். பேட்டன்ட் வாங்கிக்கொண்டு வாருங்கள், உங்களிடமே உரிமை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். வாங்காவிட்டால் என்ன என்பதை அவர்கள் சொல்லவில்லை. நாங்களே செய்துகொள்வோம் என்பதுதான் அந்தச் சொல்லாத மிச்சம் என்று வியாபாரம் தெரிந்த அக்காவுக்குப் புரிந்தது. ஆக, வேலையை விட்டவனின் பிழைப்பு மொத்தமும் ஒரு காப்புரிமையில் தொங்கியது. விண்ணப்பத்துக்கு வரைபடம் வரையவே மாதக்கணக்கில் ஆகும்போலிருந்தது. அதுவரை யாருக்கும் விற்காதே என்று தம்பி அக்காவிடம் சொல்லிவைத்தான். சரி என்றாள்.

விண்ணப்பம் போட்டு, அது வரிசையில் காத்துக் கிடந்து, ஒரு வழியாகப் பரிசோதனை அறிக்கை வந்தது. காப்புரிமை வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் ஏஜென்ட்டம்மாவின் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடி. பசை வாசம் தலையைச் சுற்றும். மூன்று பேரும் போய் உட்கார்ந்தார்கள். அவள் அறிக்கையைப் படித்துப் பேச்சுமொழியில் சொல்லச் சொல்ல, தம்பி நகத்தைக் கடித்தான்.

முதல் ஆட்சேபம் இது: தானியம் அளந்து கொட்டும் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது, மருந்தைக் குளிரில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளும் பெட்டியும் இருக்கிறது, இத்துறையில் தேர்ச்சியுள்ள எவரும் இரண்டையும் சேர்த்து இதைச் சுலபமாகச் செய்துவிடுவார்.

"யாரும்மா அந்தத் தேர்ச்சியுள்ளவர்?" என்றாள் அக்கா. "விலாசம் கொடுங்க. நாளைக்கே வேலைக்கு வச்சுக்கறேன். இவனுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

அப்படி ஓர் ஆள் கிடையாது, அது சட்டம் மனசுக்குள் வைத்திருக்கிற கற்பனை ஆள் என்று ஏஜென்ட்டம்மா சிரித்தாள். இல்லாத ஆளுக்கே இவ்வளவு புத்தி என்றால், இருக்கிறவன் என்ன பாடுபடுவான் என்று அக்கா முணுமுணுத்தாள். அந்த ஆட்சேபத்துக்குப் பதில் இருந்தது: பழைய பெட்டிகள் இரண்டிலும் வியர்க்காமலிருக்க வழி செய்யப்படவில்லை, இதில் செய்திருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் ஒரு போட்டோ. தெருமுனைக் காப்பிக் கடையில் குடித்த யாரோ ஒருவர், தன் கோப்பையைத் தானே படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார். கோப்பைக்குப் பின்னால் இந்த மெஷின். பிளாஸ்டிக் தகடு வழியாக உருளை, குழி, காற்றுத் துவாரம் எல்லாம் பளிச்சென்று. தேதி, விண்ணப்பம் போட்டதற்கு முந்தியது. ஊரறியப் புழக்கத்தில் இருந்த ஒன்று புதியது அல்ல என்கிறார் பரிசோதகர்.

தம்பிக்கு உயிர் வந்தது. "அது சோதனைக்கு வச்சது மேடம். அந்தக் கடையில நாள் பூரா நீராவி, கூட்டம். அங்கே தாங்கிட்டா எங்கேயும் தாங்கும். நானே போய் ரெண்டு மூணு தடவை ஓரத்து ரப்பரை மாத்தினேன்."

நல்லது என்றாள் ஏஜென்ட்டம்மா. வெளியே வைத்துத்தான் சோதிக்க முடியும் என்கிற சாமானுக்குச் சட்டம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். "ஆனா ஒண்ணு. வித்திருக்கக் கூடாது. விலை வாங்கிக் கைமாத்தியிருந்தா அதோட முடிஞ்சது, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. விக்கலையே?"

"அக்காதான் கொடுத்தா. அக்காவையே கேளுங்க."

"விக்கலை" என்றாள் அக்கா. கேட்ட மாத்திரத்தில் வந்து விழுந்தது வார்த்தை, அசல் தேறாது என்பது வருகிற மாதிரியே. தம்பி பெண்டாட்டி தலையைத் தூக்கிச் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். தெருமுனைக் காப்பிக் கடைக்காரருக்குக் கைராசி என்று பேர். அவர் கையால் முதல் வியாபாரம் ஆனால் அன்றைக்குச் சரக்கு நிற்காது என்று தெருவே நம்பியது. ராசிக்காரர் என்றே பேராகிவிட்டது. காலையில் கடையைத் திறந்துவிட்டு, "அண்ணே, ஒரு போணி பண்ணிட்டுப் போங்க" என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். அவரும் முகம் கோணாமல் ஏறி இறங்குவார். இரும்புக் கடையில் ஒரு திருகாணி, தையல் சாமான் கடையில் ஒரு பொத்தான், பழக்கடையில் ஒரு எலுமிச்சம்பழம். தனக்கு எந்த உபயோகமும் இல்லாத சாமானால் சட்டைப் பை புடைத்துக்கொண்டிருக்கும். அக்கா கடையில் மட்டும் உபயோகமான சரக்கு; அதனால் அங்கே கடைசியில் வந்து, அன்றைக்கு வேண்டிய கொட்டையை வாங்கிக்கொண்டு போவார். அவர் வரும்வரை அக்கா வேறு யாருக்கும் தராசைத் தூக்க மாட்டாள்.

முதல் மெஷின் தயாரானபோது அக்காவுக்கு வேறு யோசனையே வரவில்லை. தம்பி செம்புக்குழாய் வாங்க வெளியே போயிருந்த ஒரு காலையில் அவரைக் கூப்பிட்டு மெஷினைக் காட்டினாள். எடுத்துட்டுப் போங்கண்ணே, ஆனா சும்மா கொடுத்தா போணி ஆகாது, ஒரு காசு கொடுத்து வாங்குங்க என்றாள். ஒரு காசா, அரைக் காசுக்குத் தர மாட்டியா என்று அவர் பேரம் பேசினார். அந்த விலைக்கு அசலே தேறாது என்றாள் அக்கா. ரெண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, வழக்கப்படி அவள் "வித்தாச்சு" என்றாள், அவர் "வாங்கியாச்சு" என்றார். காசைக் கல்லாவில் போட்டது தம்பி பெண்டாட்டி. அடுத்து வந்த யாருக்கோ சில்லறையாக அது போயும்விட்டது. முனைக் கடை நீராவியில் இருந்தால் நல்ல சோதனை என்று திரும்பி வந்த தம்பியும் ஒத்துக்கொண்டான்; காசு விஷயம் அவன் காதுக்கு எட்டவில்லை. தம்பி விற்காதே என்றது அக்காவுக்கு மறக்கவில்லை. ஆனால் அவள் அகராதியில் விற்பது என்றால் லாபத்துக்கு விற்பது. போணி விற்பனையில் சேராது. அது விற்பனைக்கு முன்னால் செய்கிற மரியாதை.

ஏஜென்ட்டம்மாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் இரண்டு பெண்களும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கொட்டை பொறுக்கினார்கள். உடைந்தது, கறுத்தது, பூச்சி துளைத்தது எல்லாம் தனியே.

"நான் வாயே திறக்க மாட்டேன், அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி, கையை நிறுத்தாமல். "ஆனா அந்தக் காசைக் கல்லாவில போட்டது என் கைதான்."

"ஒரு காசுடி அது."

"அப்போ ஒரு காசுன்னு அங்கேயே சொல்லியிருக்கலாமே."

 அக்கா நல்ல கொட்டை ஒன்றை எடுத்துக் கெட்டதோடு போட்டாள். சின்னவள் அதை எடுத்து மறுபடி நல்லதில் போட்டாள்.

தம்பியிடம் சொல்லிவிடுவது என்றுதான் மறுநாள் பட்டறைக்குள் போனாள். அவன் தரையில் படுத்து இரண்டாவது மெஷினின் அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தான். காலைப் பார்த்தே ஆளைக் கண்டுகொண்டான். "நல்லவேளை அக்கா, நீ விக்கலை. உன் வாய்க்கு எவன்கிட்டயாவது தள்ளிவிட்டிருப்பியோன்னு அங்கே ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன்" என்றான். கூடவே, அவளைச் சந்தேகப்பட்டதற்காக உள்ளிருந்தபடியே மன்னிப்பு வேறு கேட்டான். அக்கா கீழே உருண்டு கிடந்த ஓர் ஆணியை எடுத்து அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள். சாப்பிட வாடா என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனாள்.

ஏஜென்ட்டம்மா இரண்டு உறுதிமொழி கேட்டிருந்தாள். ஒன்று அக்காவிடமிருந்து. இன்னொன்று காப்பிக் கடைக்காரரிடமிருந்து: மெஷினைச் சோதனைக்காக இரவலாக வாங்கி வைத்திருந்தேன், விலையாக எதுவும் கொடுக்கவில்லை. நீங்கள் சொல்வதை நம்பித்தான் எழுதுகிறேன், உண்மை இல்லாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அவள் தன் பங்குக்குச் சொல்லித்தான் கொடுத்தாள். அக்கா அந்தத் தாளை மடித்துக்கொண்டு, கூட்டம் குறைந்த மத்தியானத்தில் தெருமுனைக்குப் போனாள்.

கடை முழுக்க நீராவி மூடாக்குப் போட்டிருந்தது. ராசிக்காரர் கல்லாவை விட்டு இறங்கி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, புது ஆள் ஒருவரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அந்தக் கதை தெரியும். ஒரு நாளைக்கு நாலு பேருக்காவது சொல்வார். உலகத்திலேயே முதல் மெஷின் இது. முதல் போணி என் கை. ஒரு காசுக்கு வாங்கினேன், அதிலும் பேரம் பேசினேன் என்று.

"இந்தா, நான் சொன்னவங்களே வந்துட்டாங்க. வா தங்கச்சி."

அவரைத் தனியாக, கோப்பை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள். போட்டோ, ஆட்சேபம், ஏஜென்ட்டம்மா, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"நான் வாங்கலைன்னு போட்டிருக்கு."

"ஆமாண்ணே."

"வாங்கினேனே, தங்கச்சி."

"ஒரு காசுண்ணே. அது..." அக்கா கழுவின கோப்பை ஒன்றை நகர்த்தி வைத்தாள். "அது விளையாட்டுக்குப் பண்ணினதுதானே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. தராசில் தட்டு ஏறுவதா இறங்குவதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"நீ விளையாட்டுக்கா பண்ணினே?"

அக்கா பண்ணியது விளையாட்டுக்கு இல்லை. அன்றைக்குக் காலையில் தலைகுளித்து, மெஷினைத் துணியால் இரண்டு முறை துடைத்து, நல்ல நேரம் பார்த்துத்தான் அவரைக் கூப்பிட்டாள். தம்பியின் பிழைப்பு விளங்க வேண்டுமென்று நெஞ்சுருகித்தான் அந்தக் காசைக் கையில் வாங்கினாள்.

"ஆமாண்ணே" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் தாளையே மறுபடி படித்தார். படிக்கிறாரா, சும்மா பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம். பாவம், ராப்பகலா உழைச்சவன்." பேனாவுக்குக் கையை நீட்டினார். "எங்கே போடணும்?"

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காப்பி குடிச்சுட்டுப் போ என்றார். அக்கா குடித்தாள். அவள் வறுத்த கொட்டை, அவள் தம்பியின் மெஷின். நாக்குக்கு எதுவுமே தெரியவில்லை.

அதற்கு மறுநாளிலிருந்து ராசிக்காரர் அக்கா கடைக்குப் போணிக்கு வரவில்லை. சரக்கு வாங்குவதை நிறுத்தவில்லை, தினமும் வந்தார். ஆனால் வெயில் ஏறினபின், தெருவிலேயே நின்று, "போணி ஆயிடுச்சா?" என்று ஒரு குரல் கேட்டுவிட்டு, ஆயிற்று என்றால்தான் படியேறுவார். முதல் நாள் அக்கா அவருக்காகத் தராசைத் தூக்காமல் காத்திருந்து இரண்டு வாடிக்கைக்காரர்களை இழந்தாள். மூன்றாவதாக வந்தவர் சத்தம் போட்டபின் தூக்கினாள். ராசிக்காரர் கடைப்பக்கம் அவள் போனபோதெல்லாம் மெஷின் வேலை செய்துகொண்டிருந்தது, கதையைத்தான் காணோம். இது புதுசா இருக்கே, ஏதுங்க என்று யாரோ கேட்டதற்கு, தெரிஞ்சவங்க வச்சிருக்காங்க என்று அவர் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாள்.

விசாரணை நாள் வந்தது. பரிசோதகரை அக்கா ஒரு பெரிய மீசையோடு கற்பனை செய்து வைத்திருந்தாள். அவரோ ஜலதோஷம் பிடித்த, ஒடிசலான மனிதர்; அறையின் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெந்நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார். தும்மும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டார். தம்பியிடம் நிறையக் கேட்டார். உருளை ஏன் பனி கட்டி இறுகவில்லை? காற்றை எங்கே உலர்த்துகிறாய்? குழியின் ஓரத்தை ஏன் சாய்வாக வெட்டினாய்? தம்பி முதலில் திக்கினான். பிறகு பேனாவை வாங்கிப் படம் போட்டுக் காட்டினான். இத்தனை வருஷத்தில் அவனிடம் இந்தக் கேள்விகளை இவ்வளவு ஆசையாக யாரும் கேட்டதில்லை. தானியப் பெட்டி, மருந்துப் பெட்டி விவகாரம் அங்கேயே தீர்ந்தது என்று ஏஜென்ட்டம்மாவின் முகத்தைப் பார்த்தே அக்கா கண்டுகொண்டாள். அந்த ஆள் எதிரி இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"உங்க உறுதிமொழியைப் படிச்சேம்மா. அந்தக் கடைக்காரர் இதுக்காக ஏதாவது கொடுத்தாரா?"

"இல்லைங்க."

"எதுவுமே?"

"எதுவுமே இல்லை."

அவர் உடனே எழுதவில்லை. காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு அக்காவுக்கு அத்துப்படி. விலையைச் சொன்னபின் எதிராளி இப்படித்தான் பேசாமல் இருப்பான். யார் முதலில் வாய் திறக்கிறார்களோ அவர்கள் இறங்கிவந்தாக வேண்டும். எத்தனையோ பெரிய பெரிய ஆட்களை அந்த மௌனத்தில் மடக்கியிருக்கிறாள். மடியில் கையை வைத்துக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தம்பி, அக்காவின் வார்த்தையே போதும் என்கிற நிம்மதியில், தான் வரைந்த படத்தில் விட்டுப்போன ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் பரிசோதகர் தும்மினார், மன்னிப்புக் கேட்டார், குனிந்து எழுதினார். அக்கா ஜெயித்தாள்.

காப்புரிமை கிடைத்தது. கம்பெனிக்காரர்கள் வந்து சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்கள். தம்பி பெண்டாட்டி தெருவுக்கே இனிப்பு கொடுத்தாள். முனைக் கடைக்கும் கொண்டுபோனாள். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார், உங்களையும் உங்க தம்பியையும் விசாரித்தார், அண்ணி என்று வந்து சொன்னாள். 

மழை விட்டு வெயில் அடித்த ஒரு பிற்பகலில், வாசலில் தள்ளுவண்டி வந்து நின்றது. ராசிக்காரரும் வண்டிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெஷினை இறக்கினார்கள். தம்பி வீட்டில் இல்லை. அவன் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருப்பார். அக்கா உருளையில் வறுபட்டுக்கொண்டிருந்த கொட்டையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னண்ணே இது?"

"உன் மெஷின்மா. இரவல் வாங்கினது. சோதனைதான் முடிஞ்சிடுச்சே."

"அண்ணே, இது உங்களுது. உங்களுக்குத் தெரியாதா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேனே, தங்கச்சி."

"அது ஆபீசுக்குப் போட்டதுண்ணே."

"ஆபீசுக்கு ஒண்ணு, கடைக்கு ஒண்ணுன்னு எனக்கு ரெண்டு கையெழுத்து கிடையாது." குத்தலாகச் சொல்லவில்லை. தன்னிடம் இன்ன சரக்கு இல்லை என்று வாடிக்கைக்காரருக்குச் சொல்லும் குரலில்தான் சொன்னார். "என்னுதுன்னு இதை வச்சிருந்தா, நான் எழுதிக் கொடுத்தது பொய்னு ஆயிடும். திருப்பிக் கொடுத்துட்டா அது உண்மைதானே? யாரும் நாளைக்கு உங்களைக் கேள்வி கேக்க முடியாது. தம்பிக்கும் நல்லது."

 புதுசா ஒண்ணு செஞ்சு தரச் சொல்றேன், சும்மா வச்சுக்கங்க என்றாள் அக்கா. வேண்டாம், கம்பெனி விற்க ஆரம்பித்ததும் ஒரு வார்த்தை சொல், எல்லாரையும்போல விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார் அவர். மேல் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கொட்டை இல்லை. உருளையின் குழி ஒவ்வொன்றையும் சின்னப் பிரஷ் விட்டுத் தேய்த்திருந்தார். நீராவிக் கறை படிந்திருந்த பிளாஸ்டிக் தகடு புதுசு மாதிரி மின்னியது. இரவல் சாமானைத் திருப்பிக் கொடுக்கிற முறை தெரிந்த மனிதர். அவள் விட்டுவந்த கொட்டை தீய்கிற வாசம் வந்தது. அதைப் பாரு என்று அவரே அவளை உள்ளே அனுப்பினார். அவள் திரும்பி வருவதற்குள் வண்டி முனை திரும்பிவிட்டது.

தம்பி வந்தான். வாசலில் மெஷினைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

"ஏன் அக்கா திரும்பி வந்துடுச்சு? என்ன கெட்டுப்போச்சாம்?"

தம்பி பெண்டாட்டி மாடிப்படியில் நின்றாள். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அக்காவையே பார்த்தாள்.

"சத்தம் வருதாம்" என்றாள் அக்கா. "மோட்டார்ல."

"சத்தமா? இதுலயா?"

பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு போனான். மின்சாரம் கொடுத்தான். கொட்டை போட்டு உருளையைச் சுற்றவிட்டான். கையை வைத்துப் பார்த்தான். திருப்புளியின் முனையை மோட்டாரிலும் பிடியைத் தன் காதிலும் வைத்து, கண்ணை மூடிக் கேட்டான். இவ்வளவு நாள் வைத்திருந்த மனுஷன் வெறுமனே குறை சொல்ல மாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒவ்வொரு ஆணியாகக் கழற்றித் தாளில் வரிசையாக வைத்தான். கம்பெனிக்குப் போகிற வரைபடத்தையும் மாற்றவேண்டியிருக்கும், இப்போதே தெரிந்தது நல்லதாய்ப் போயிற்று என்றான். அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடுடா, அவருக்கு வயசாயிடுச்சு, காது எதையாவது கேட்டிருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். அவன் கையை உயர்த்தி அவளைப் பேசவிடாமல் நிறுத்திவிட்டு, மறுபடி காதை வைத்தான். வெகுநேரம் கேட்டான். மெஷின் எப்போதும்போல் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

"ஆமா, இருக்கு" என்றான் மெதுவாக. "ரொம்ப லேசா. நீ சொன்னப்புறம்தான் அக்கா எனக்கே கேக்குது."